ஆயுத பூஜைக்குத் தங்கவயல் போகலாமா? (பெரம்பூரிலிருந்து, அப்பாவோடு)

ஜமாலியா சுபா

எல்லாருக்கும் வணக்கம். ஆயுத பூஜை லீவில் அப்பாவைக் கோலார் தங்கவயலுக்குக் கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிடையர் ஆனவர். அவருடைய அத்தை வீடு ஆண்டர்சன்பேட்டை பக்கம் இருந்ததாம். சின்ன வயதில் காலாண்டு லீவு விட்டால் அங்கேதான். வருஷா வருஷம் நம் வீட்டில் பொரி பொட்டலம் பிரிக்கும்போது "தங்கவயல்ல எப்படித் தெரியுமா" என்று ஆரம்பித்துவிடுவார். அவ்வளவு சொல்கிறாரே, ஒரு முறை காட்டிவிட்டு வரலாமே என்றுதான்.

சொந்தக்காரர்கள் யாரும் இப்போது அங்கே இல்லை, பெங்களூர், ஓசூர் என்று போய்விட்டார்கள். மைன்ஸ் மூடிய ஊரில் பண்டிகை இன்னும் களைகட்டுமா, வெறிச்சென்று இருக்குமா? அப்பாவுக்கு வீசிங் உண்டு. ரயிலா, பஸ்ஸா? தங்க இடம் கிடைக்குமா? போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

லோகோ ஒர்க்ஸ் ரவி

ரயில்தான், யோசிக்கவே வேண்டாம். காலையில் சென்ட்ரலில் கிளம்பும் பிருந்தாவனில் ஏறிப் பங்காருபேட்டையில் இறங்குங்கள். அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை போகிறது. கோரமண்டல், பி.இ.எம்.எல். நகர், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம், அவ்வளவுதான் ஸ்டேஷன்கள். 1894இல் மைன்ஸுக்காகவே போட்ட லைன் அது.

ஆனால் அந்தக் கிளை ரயில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் நேரத்துக்கு ஓடுவது. விடியற்காலையில் அங்கிருந்து கிளம்பும், சாயங்காலத்துக்கு மேல் திரும்பும். பகலில் வந்து இறங்குகிற உங்களுக்குத் தோதுப்படாது. ஸ்டேஷன் வாசலிலேயே பஸ்ஸும் ஆட்டோவும் நிற்கும், ஏறினால் ராபர்ட்சன்பேட்டை.

இன்னொன்று. ஃபேக்டரி, ஒர்க்ஷாப் பூஜை பார்க்க வேண்டுமானால் ஆயுத பூஜை அன்றைக்குப் போய்ச் சேர்ந்து பிரயோஜனம் இல்லை. அன்று லீவு, கேட் பூட்டியிருக்கும். முதல் நாள் வேலை நாளிலேயே எல்லாம் முடிந்துவிடும். இது உங்கள் அப்பாவுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மின்ட் கார்னர் ஷாம்

அக்கா, கே.ஜி.எஃப். படத்துல வர்ற மைன்ஸுக்குள்ள விடுவாங்களா? போட்டோ எடுக்கலாமா? அப்புறம் தசராவுக்கு அங்க ஒரு இலையைத் தங்கம்னு சொல்லிக் கையில கொடுப்பாங்களாமே, ரீல்ஸ்ல பார்த்தேன். தங்கம் எடுத்த ஊர்ல தங்க இலை, செமயா இருக்கும்ல?

தட்டிலைன் பேரன், வியாசர்பாடி

ஷாம் தம்பி, வன்னி இலையைத் தங்கம் என்று கொடுக்கிற வழக்கம் ஹூப்ளி, தார்வாட் பக்கத்தது. தங்கவயலில் அதைத் தேடினால் கிடைக்காது. மைன்ஸுக்குள்ளும் விடமாட்டார்கள். சுரங்கத்துக்குள் இறங்கும் குழிகள், அதாவது ஷாஃப்ட்டுகளில், தண்ணீர் ஏறிக் கிடக்கிறது. நம் பக்கத்து டிராவல்ஸ் ஒன்று "சுரங்கத்துக்குள் ஒரு நாள்" என்று நோட்டீஸ் அடித்துக் கூட்டிப்போனது. என் மச்சான் காசு கட்டிப் போனான். பூட்டிய கேட்டுக்கு முன்னால் நிறுத்தி இறக்கி, "இதுதான் சார்" என்றிருக்கிறார்கள்.

சுபா, உங்கள் அப்பா எதைச் சொல்கிறார் என்று எனக்கு ஓரளவு தெரியும். தாத்தா குடியாத்தம் பக்கத்துக்காரர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில்லர். குடியாத்தம், பேர்ணாம்பட்டு, வி.கோட்டை வழியாகப் போனால் தங்கவயல் அப்படியொன்றும் தூரமில்லை. வட ஆற்காட்டிலிருந்து ஜனம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் நம் ஜனம். இருக்க மூங்கில் தட்டி அடைத்த லைன் வீடு. என் பேருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருப்பது அதுதான்.

சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். அடியில் பாறையே 60 டிகிரிக்கு மேல் சுடும். குளிர்ந்த காற்றை மேலிருந்து அனுப்பித்தான் ஆளை வேலை செய்ய வைத்தார்கள். பாறை தன் பாரம் தாங்காமல் திடீரென்று வெடிக்கும், ஊரில் அதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பேர். வீட்டில் அலமாரிப் பாத்திரம் கடகடவென்று ஆடும். ஆடியதும் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். அப்படிப்பட்ட வேலைக்குப் போகிறவன் ஆயுதத்துக்குப் பூஜை போடுவது என்றால் நாம் வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி இருக்குமா?

தாத்தாவிடம் ஒரு கார்பைடு விளக்கு இருந்தது, பித்தளை. பேட்டரி விளக்கு வந்த பிறகு அதற்கு வேலையில்லை, ஆனாலும் தூக்கிப் போடமாட்டார். ஆயுத பூஜைக்கு முதல் நாள் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார். மூக்குத் துவாரம் அடைத்திருக்கும். துடைப்பத்துக் குச்சி உள்ளே போகாது, மெல்லிய கம்பி ஒன்றைத் தனியாகச் சுருட்டி வைத்திருப்பார், அதை விட்டுக் குத்துவார். அடித்தட்டில் கார்பைடு கட்டி ரெண்டு, மேல் தட்டில் தண்ணீர். சொட்டுச் சொட்டாக இறங்கினதும் பூண்டு அழுகின மாதிரி ஒரு நாற்றம் வரும். உள்ளங்கையால் தட்டை மூடி, படாரென்று தேய்த்து எடுத்தால் 'புஸ்' என்று வெள்ளைச் சுடர் நிற்கும். பாட்டிக்கு அந்த நாற்றம் பிடிக்காது, பூஜை இடத்தில் அதை ஏற்றக் கூடாது என்று சண்டை போடுவாள். தாத்தா கேட்டதே இல்லை. பாறையில் துளை போடும் ஜம்பர் கம்பி, ஸ்பானர், அப்பாவின் தராசு, அத்தையின் தையல் கத்தரிக்கோல், நடுவில் அந்த விளக்கு.

மேலே ஷாஃப்ட்டில் கேஜை, அதாவது ஆள் போகும் கூண்டை, இறக்கி ஏற்றும் வைண்டிங் இஞ்சினுக்குத்தான் பெரிய பூஜை. டிரம்மில் மாலை போட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். கேஜைத் தாங்கும் கயிறு அதில்தான் சுற்றுகிறது. அது அறுந்தால் எல்லாம் போச்சு. சாமி எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். அதோடு ஷாஃப்ட் பூஜை போச்சு. மற்றபடி களை இருக்கிறது. ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட்டில் முதல் நாள் சாயங்காலம் நிற்க இடம் இருக்காது. ஆட்டோ ஸ்டாண்டு, லேத் பட்டறை எல்லா இடத்திலும் நடக்கும்.

பட்டாளம் சேகர்

நான் ஒன்று கேட்பேன், யாரும் கோபப்படக் கூடாது. என் அப்பா பி அண்ட் சி துணி மில். 1996இல் மூடினார்கள். அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் ஆயுத பூஜை கிடையாது. "தறியே இல்ல, எதுக்குடா பொட்டு வைக்கிறது" என்பார். வேலை போன ஊருக்குப் போய் வேலைக்கான பண்டிகையைப் பார்ப்பது எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை. சாவு வீட்டுக்கு வேடிக்கை பார்க்கப் போவது போல.

லோகோ ஒர்க்ஸ் ரவி

சேகர், வேடிக்கை பார்க்க அவர்கள் போகவில்லை. அவர் சின்ன வயதில் ஓடி விளையாடின ஊர் அது.

மூலக்கொத்தளம் மாறன்

சேகர் தோழர் கேட்டது நியாயமான கேள்விதான். நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். தங்கவயலில் எல்லா வீட்டிலும் ஆயுத பூஜை இருந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. 1907இல் ராயப்பேட்டையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை அங்கே லைன் வீடுகள் வரை போயிருக்கிறது. 1914இல் பண்டிதர் மறைந்தார். பிறகு 1920களில் அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். நம் பெரம்பூர் பௌத்தர்களுக்கும் மாரிக்குப்பத்துக்கும் போக்குவரத்து அந்தக் காலத்திலிருந்து உண்டு. சுரங்கம் என்றால் தங்கமும் தூசியும் மட்டுமே எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. பத்திரிகை படித்து வாதம் செய்த ஊர் அது.

1956 அக்டோபர் 14இல் பாபாசாகேப் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்த தம்மம் ஏற்றாரே, அது அந்த வருஷத்து விஜயதசமி. அசோக விஜயதசமி என்று அதைக் கொண்டாடுகிற வீடுகள் இங்கேயும் இருக்கின்றன, தங்கவயலிலும் இருக்கின்றன. சுபா, போகிறீர்கள் என்றால் மாரிக்குப்பம் பக்கமும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். அந்த நாளுக்கு அங்கே வேறு முகமும் உண்டு.

பேசின்பிரிட்ஜ் 77

பொரி கடலை சாப்பிடப் போகிறவர்களிடம் எதற்குங்க அரசியல்?

ஓட்டேரி நளினி

பேசின்பிரிட்ஜ் தம்பி, அவர் சொன்னதில் அரசியல் என்ன, சரித்திரம்தானே? என் மாமியார் மாரிக்குப்பத்தில் பிறந்தவர், பௌத்தக் குடும்பம். பூஜை, படையல் எதுவும் வீட்டில் கிடையாது. ஆனால் அன்றைக்குத் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு, மேலே ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்திவிடுவார். என்ன அவசர பிளவுஸ் வந்தாலும் தைக்கமாட்டார். "சாமி கீமி ஒண்ணும் இல்ல, அதுக்கும் ஒரு நாள் லீவு வேணாமா" என்பார். நான் பொட்டு வைக்கப் போனால் கையைத் தட்டிவிடுவார். சுண்டல் மட்டும் எங்கே செய்தாலும் சாப்பிடுவார்.

சுபா, அப்பாவுக்கு வீசிங் என்றீர்களே. அங்கே சயனைடு மேடுகள் என்று சாம்பல் கலரில் மலை மாதிரி நிற்கும். பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டின மண், கோடிக்கணக்கான டன். படம் வந்த பிறகு எல்லாரும் அதில் ஏறிப் படம் எடுக்கிறார்கள். காற்றடித்தால் மாவு மாதிரி பறக்கும். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நுரையீரலில் சிலிகோசிஸ் வந்ததே பாறைத் தூளைச் சுவாசித்துத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் போதும். முகக்கவசம் கையில் இருக்கட்டும், இன்ஹேலரை மறக்க வேண்டாம். ஊர் உயரத்தில் இருப்பதால் ஐப்பசி வாக்கில் ராத்திரி நன்றாகவே குளிரும், மழையும் வரும்.

தங்க ராபர்ட்சன்பேட்டை. லாட்ஜ் சுமார்தான், போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். சாமி பார்க்க ஆசை இருந்தால் கம்மசந்திரா கோடிலிங்கேஸ்வரர் கோயில் பக்கத்திலேயே, 108 அடி லிங்கம். லீவு நாளில் கூட்டம் அள்ளும். என்னைக் கேட்டால் அதை விட்டுவிட்டுப் பேத்தமங்கலம் ஏரிக்குப் போகலாம். பாலாற்றில் தேக்கி, மைன்ஸுக்கும் ஊருக்கும் தண்ணீர் அனுப்பின ஏரி.

வால்டாக்ஸ் வாத்தியார்

எல்லாரும் சொல்லிவிட்டீர்கள், நான் பாடம் நடத்தாமல் போனால் தூக்கம் வராது. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இலேயே தங்கவயலுக்கு மின்சாரம் போனது, பெங்களூர் ஊருக்கு விளக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். 1965இல் அதே சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்துக் காற்றுமண்டல நியூட்ரினோ என்கிற நுண்துகளைப் பிடித்தார்கள், மும்பை டாடா நிலையத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் சேர்ந்து. அந்தக் கருவிகளுக்கு ஆயுத பூஜை போட்டார்களா என்று பேரன் விசாரித்துச் சொல்லவும்.

தட்டிலைன் பேரன், வியாசர்பாடி

சார், கீழே இறங்கின எதற்கும் பொட்டு வைக்காமல் விட்டிருக்கமாட்டார்கள் என்பது என் ஊகம்!

சேகர் அண்ணா, உங்கள் அப்பா சொன்னது அவருக்குச் சரி. தறி போனதும் அவர் நிறுத்திவிட்டார். தங்கவயலில் அப்படி நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் ஊரில் வேலை போனாலும் ஜனம் வேலைக்குப் போவது நிற்கவில்லை. விடியற்காலை இருட்டில் மாரிக்குப்பத்தில் ஏறிப் பெங்களூர் போய், ராத்திரி திரும்பி வருகிறார்கள். கட்டிட வேலை, செக்யூரிட்டி, ஆஸ்பத்திரி, கம்பெனி, எல்லாம் அந்த ரயிலில்தான். என் சித்தப்பா மகனும் அதில்தான் போகிறான். மைன்ஸில் தாத்தாவுக்குக் கேஜ் எப்படியோ, இவனுக்கு அந்த ரயில். தினம் அதே பெட்டி, அதே ஜன்னல்.

அதனால் அவர்கள் பூஜை போடுவது ரயிலுக்கு. லீவுக்கு முந்தின வேலை நாளில் அவரவர் பெட்டிக்கு மாலை, வாழைக்கன்று, கலர் பேப்பர். பெட்டிக்குப் பெட்டி போட்டியே நடக்கும். சுபா, ஒரு நாள் முன்னதாகவே போய் ராத்தங்கி, விடிகாலையில் அப்பாவை மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போங்கள். ரயில் பெட்டிக்கு வெல்டிங் வைத்தவர் அதைப் பார்க்க வேண்டும்.

ஜமாலியா சுபா

அய்யோ, இது போதும். டிக்கெட் போட்டுவிட்டேன்.

ஜமாலியா சுபா (இரண்டு வாரம் கழித்து)

போய் வந்துவிட்டோம். எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மதியம் போய்ச் சேர்ந்தோம். அப்பாவின் அத்தை வீட்டு லைனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. லைன் லைனாக ஒரே மாதிரி வீடுகள், சிலது ஓடு பிரிந்து, சிலது மாடி கட்டி. அப்பா "இங்கதான்" என்று மூன்று இடத்தில் நின்றார். மூன்றாவது வீட்டில் ஒரு அம்மா உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார். அந்தக் குவார்ட்டர்ஸைத் தங்கள் பேரில் எழுதித் தரச் சொல்லி எத்தனையோ காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களாம். அவருடைய கணவர் நந்திதுர்க்கம் மைனில் இருந்தவர், படுத்த படுக்கை. உள்ளிருந்தே "எந்த ஷாஃப்ட்டு?" என்று கேட்டார். "நான் மெட்ராஸ், ரயில்வே" என்றார் அப்பா. அப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் விடிகாலை மாரிக்குப்பம். ஆட்டோக்காரர் எங்களை வினோதமாகப் பார்த்தார், ஊர் சுற்ற வந்தவர்கள் யாரும் அந்த நேரத்துக்கு அங்கே போவதில்லை போலிருக்கிறது. ஸ்டேஷனில் நல்ல குளிர். பெட்டி வாசலில் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுவதற்குக் கயிறு போதாமல் ஒரு பையன் தன் ஐடி கார்டு பட்டையைக் கழற்றிக் கொடுத்தான். உள்ளே லக்கேஜ் கம்பி முழுக்க ஜிகினாத் தோரணம். ஒரு சீட்டில் துணி விரித்து டிபன் பாக்ஸ், கொத்தனார் கரண்டி, ஸ்டெதஸ்கோப், லேப்டாப் பை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் பூசியிருந்தார்கள். ஸ்டெதஸ்கோப் ஒரு நர்ஸ் பெண்ணுடையது. "பொட்டு சின்னதா வைங்கண்ணா, டியூட்டியில கேப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்பா இதையெல்லாம் நின்று பார்க்கவில்லை. நேராகப் பெட்டிக்குள் ஏறி, கதவு ஓரம் சுவரில் எதையோ தேட ஆரம்பித்தார். பெட்டி எங்கே செய்தது என்று ஒரு தகடு அடித்திருப்பார்களாமே, அது. பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து எழுத்து மங்கியிருந்தது. விரலால் தடவிப் படித்துவிட்டு, "பெரம்பூர்" என்றார் சத்தமாக. பூஜை போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் கற்பூரத் தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வெட்கம், மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தார். விடவில்லை. பூசணிக்காயை மட்டும் பிளாட்பாரத்தில் உடைக்காதீர்கள், ஜனம் வழுக்கி விழும் என்று சொல்லி ஓரமாக உடைக்க வைத்தார். ஒர்க்ஷாப் புத்தி போகவில்லை.

நாங்களும் அதிலேயே ஏறிப் பங்காருபேட்டை வரைக்கும் போய், பஸ்ஸில் திரும்பினோம். அப்பா வழியெல்லாம் ஜன்னல் பிரேமின் தையலைக் காட்டி, இது நல்ல வெல்டிங், இது அவசரத்தில் வைத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுரங்கத்தைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

மாறன் சார், மாரிக்குப்பத்தில் விஜயதசமி அன்று ஒரு தெருவில் நீலக் கொடியும் பஞ்சசீலக் கொடியும் கட்டி, வெள்ளைப் புடவையில் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நின்று பேச முடியவில்லை, அப்பாவுக்குக் களைப்பு. சயனைடு மேட்டைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. ஷாம் தம்பி, போட்டோ நிறைய எடுத்தேன், எல்லாம் ரயில் பெட்டிதான்.

பட்டாளம் சேகர்

படித்தேன் சுபா. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "கொத்தனார் கரண்டி அவனோடது, அதான் வைக்கிறான். தறி என்னிக்கு என்னோடதா இருந்துச்சு, மில்லுக்காரனோடது" என்றார். அவர் மாறமாட்டார். சரி, அந்தக் கிளை ரயிலுக்கு முன்பதிவு உண்டா?

லோகோ ஒர்க்ஸ் ரவி

கிடையாது சேகர், ஸ்டேஷனில் போய்ச் சாதா டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். பிருந்தாவனுக்குத்தான் முன்கூட்டியே பார்க்க வேண்டும், 60 நாளுக்கு முன்னால் திறக்கும். ஆயுத பூஜை வாரம் என்றால் திறந்த அன்றைக்கே போட்டுவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போடுங்கள், விஜயதசமிக்கு மறுநாள் பெட்டியில் கால் வைக்க இடம் இருக்காது.